கூரை சீட் வேலை எடுப்பவர்கள் எந்தெந்தக் காப்பீடு எடுக்க வேண்டும்?

பெருந்துறை_சீட்வேலை | 9 ஜூன் 2024

அனைவருக்கும் வணக்கம். பதினான்கு ஆண்டுகளாக ஈரோடு, பெருந்துறை, காங்கேயம் வட்டாரத்தில் கூரை வேலை எடுத்துச் செய்து வருகிறேன். தறிக்கூடம், அரிசி ஆலை, மஞ்சள் குடோன், கோழிப்பண்ணை என எல்லாம் உண்டு. பழைய சிமென்ட் சீட்டைக் கழற்றிவிட்டுக் கலர் சீட் போடுவதுதான் இப்போது முக்கால்வாசி வேலை. என்னிடம் நிரந்தரமாக ஏழு பேர் இருக்கிறார்கள். வேலை பெரிதாக இருந்தால் மேஸ்திரி ஒருவர் தம் ஆட்கள் எட்டுப் பேருடன் வந்து சேர்ந்துகொள்வார். அவர்களில் ஐவர் ஒடிசாவிலிருந்து வந்தவர்கள்.

சிப்காட் வளாகத்தில் ஓர் ஆலையின் 18,000 சதுர அடிக் கூரையை மாற்றும் வேலை இப்போது கைக்கு வந்திருக்கிறது. வேலை ஆணை தருவதற்கு முன்பு டபிள்யூ.சி. எனப்படும் தொழிலாளர் இழப்பீட்டுப் பாலிசியும் பொதுப் பொறுப்புக் காப்பீடும் காட்ட வேண்டும் என்று ஆலைத் தரப்பில் கேட்கிறார்கள். எனக்குத் தெரிந்த முகவர் ஒருவர், ஐந்து ஆட்களைக் கொண்ட ஃபேப்ரிகேஷன் பட்டறை என்று எழுதி ஒரு பாலிசி போட்டுத் தருவதாகவும், பிரீமியம் குறைவாக இருக்கும் என்றும், காட்டுவதற்குத் தாள் இருந்தால் போதும் என்றும் சொல்கிறார். என் மனம் ஒப்பவில்லை. முப்பதடி உயரத்தில் நிற்கும் ஆட்களுக்குத் தரையில் நடக்கும் வெல்டிங் பட்டறையின் பாலிசி எப்படிப் பொருந்தும் என்பது எனக்கு விளங்கவில்லை. விவரம் அறிந்தவர்கள் சொல்லுங்கள்.

திருப்பூர்_காப்பீடு | 9 ஜூன் 2024

உங்கள் ஐயம் நியாயமானது. அந்தத் தாளை வாங்காதீர்கள்.

2024 நிலவரப்படி, டபிள்யூ.சி. என்று நாம் இன்றும் சொல்லும் பாலிசியின் அடிப்படை 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம். 2010இல் அதன் பெயர் பணியாளர் இழப்பீட்டுச் சட்டம் என்று மாறியது. ஊர் வழக்கில் பழைய பெயரே நின்றுவிட்டது. வேலையின் காரணமாகவும் வேலையின் போதும் ஏற்படும் விபத்துக்கு முதலாளியே பொறுப்பு என்று அந்தச் சட்டம் சொல்கிறது. முதலாளியின் கவனக்குறைவை யாரும் நிரூபிக்க வேண்டியதில்லை. அந்தப் பொறுப்பைக் காப்பீட்டு நிறுவனம் தன் தோளுக்கு மாற்றிக்கொள்வதுதான் பாலிசி. ஆனால் நீங்கள் எழுதிக் கொடுத்த வேலைக்கும், எழுதிக் கொடுத்த ஆட்களுக்கும், எழுதிக் கொடுத்த இடத்துக்கும் மட்டுமே அது பொறுப்பேற்கும்.

ஆகவே விண்ணப்பத்தில் நான்கு செய்திகள் உள்ளது உள்ளபடி இருக்க வேண்டும். முதலாவது வேலையின் தன்மை: உயரத்தில் ஏறிக் கூரை சீட் கழற்றுதல், பொருத்துதல், ட்ரஸ் (கூரையைத் தாங்கும் இரும்புச் சட்டகம்) நிறுத்துதல் என்று வெளிப்படையாக எழுதுங்கள். இரண்டாவது இடம்: உங்கள் ஆட்கள் ஒரு நாளும் உங்கள் முகவரியில் வேலை செய்வதில்லை, ஆகவே பிறர் வளாகங்களிலும் பல ஊர்களிலும் நடக்கும் வேலைக்குப் பாலிசி செல்லும் என்ற வாசகம் அட்டவணையில் இருக்க வேண்டும். மூன்றாவது ஆட்களின் எண்ணிக்கையும் ஆண்டுச் சம்பளமும். பிரீமியம் சம்பளத் தொகையின் மேல்தான் கணக்கிடப்படுகிறது. ஆண்டின் தொடக்கத்தில் உத்தேசமாகச் சொல்லி, முடிவில் உண்மையான கூலியைக் காட்டிக் கூடக்குறைய இருப்பதைச் சரிசெய்துகொள்ளலாம். நாள் கூலியை ரொக்கமாகக் கொடுத்தாலும் கூலி நோட்டில் கையெழுத்து வாங்கி வையுங்கள். நான்காவது உங்கள் மேஸ்திரியின் ஆட்கள்: உள் ஒப்பந்ததாரரின் பணியாளர்களுக்கும் பாலிசி செல்ல வேண்டுமானால் அதைத் தனியாகக் கேட்டுச் சேர்க்க வேண்டும், தானாகச் சேராது.

மருத்துவச் செலவைப் பற்றியும் ஒரு வார்த்தை. காயம்பட்டவரின் உண்மையான சிகிச்சைச் செலவை முதலாளி ஏற்க வேண்டும் என்று 2009ஆம் ஆண்டுத் திருத்தம் சொல்கிறது. ஆனால் பல பாலிசிகளில் மருத்துவச் செலவு கூடுதல் பிரீமியம் செலுத்தினால் மட்டுமே வரும், அதற்கும் ஓர் ஆளுக்கு இவ்வளவு என்று வரம்பு இருக்கும். முதுகெலும்பு அறுவைக்குக் கோவையில் ஆகும் செலவை நினைத்துப் பார்த்து அந்த வரம்பை முடிவு செய்யுங்கள்.

பள்ளிபாளையம்_கூரை | 10 ஜூன் 2024

பெருந்துறைத் தம்பிக்கு, நான் பட்டதை எழுதுகிறேன். உங்களைப் போல யோசிக்காமல் அந்தத் தாளை வாங்கியவன் நான்.

2021 ஆவணியில் திருச்செங்கோடு பக்கம் ஒரு தறிக்கூடத்தில் ஒழுகல் அடைக்கும் வேலை. இரண்டே நாள் வேலை என்பதால், சீட்டின் மேல் போட்டு நடக்கும் ஏறுபலகை கொண்டு போகவில்லை. சிமென்ட் சீட்டின் மேல் நடப்பவர்கள் பர்லின் (சீட்டைத் தாங்கும் குறுக்குச் சட்டம்) ஓடும் வரிசையில், போல்ட் தெரியும் கோட்டின் மேல்தான் கால் வைக்க வேண்டும் என்பது எங்கள் தொழிலில் முதல் பாடம். பழைய சீட்டில் பாசி படர்ந்து மழை ஈரமும் சேர்ந்திருந்தால் அந்தக் கோடு கண்ணுக்குத் தெரியாது. வெளிச்சத்துக்காக இடையிடையே போட்டிருக்கும் ஃபைபர் சீட்டும் வெயிலில் மக்கி, பார்க்கச் சிமென்ட் சீட்டின் நிறத்துக்கே வந்திருக்கும். என்னிடம் ஒன்பது ஆண்டுகள் வேலை செய்த ஆள், வயது முப்பத்தைந்து, அப்படியொரு சீட்டில் கால் வைத்து உள்ளே விழுந்தார். ஈரோட்டுக்குக் கொண்டு போகும் வழியிலேயே உயிர் பிரிந்துவிட்டது.

ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையில் பேசி நான்கு லட்சம் ரூபாயை அவர் மனைவியிடம் கொடுத்து, இனி எந்தக் கோரிக்கையும் இல்லை என்று முத்திரைத்தாளில் எழுதி வாங்கினேன். ஏமாற்ற வேண்டும் என்று நினைத்துச் செய்யவில்லை. அன்று என்னால் புரட்ட முடிந்தது அவ்வளவுதான். ஓராண்டு கழித்து அந்த அம்மா வழக்குப் போட்டார். இரண்டு சிறு குழந்தைகளை வைத்துக்கொண்டு அவர் வேறென்ன செய்வார். அவர் மேல் எனக்கு ஒரு நாளும் வருத்தம் இல்லை. என்னிடம் இருந்த பாலிசியோ பட்டறைக்குள் நடக்கும் வேலைக்கும் நான்கு ஆட்களுக்கும் எழுதப்பட்டது. நிறுவனம் கையை விரித்துவிட்டது. இழப்பீடு முழுவதும் என் தலையில் விழுந்தது. தாராபுரம் சாலையில் இருந்த காலி மனையை விற்றுத்தான் கட்டி முடித்தேன்.

கோவை_தொழிலாளர்சட்டம் | 10 ஜூன் 2024

பள்ளிபாளையம் அண்ணாவின் அனுபவத்தில் உள்ள சட்டக் காரணத்தை விளக்குகிறேன், ஏனெனில் கொங்குப் பகுதியில் இதே தவறு திரும்பத் திரும்ப நடக்கிறது.

2024 நிலவரப்படி, பணியாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் 8ஆம் பிரிவின்படி, மரணத்துக்கான இழப்பீட்டை இழப்பீட்டு ஆணையரிடம்தான் கட்ட வேண்டும். குடும்பத்தின் கையில் நேரடியாகக் கொடுத்தது இழப்பீடு கொடுத்ததாகவே கொள்ளப்படாது. மூன்று மாதச் சம்பளத்துக்கு ஈடான முன்பணம் ஒன்றுதான் விதிவிலக்கு. உரிமையை விட்டுக்கொடுப்பதாக எழுதி வாங்கும் பத்திரம் 17ஆம் பிரிவின்படி செல்லாது. எத்தனை பெரியவர்கள் சாட்சிக் கையெழுத்துப் போட்டிருந்தாலும் அது வெறும் காகிதமே.

தொகையைக் கணக்கிடும் முறை இது. மரணமாயின் மாதச் சம்பளத்தில் பாதியை, இறந்தவரின் வயதுக்குச் சட்டத்தின் அட்டவணையில் உள்ள எண்ணால் பெருக்க வேண்டும். நிரந்தர முழு ஊனமாயின் 60 சதவீதத்தைப் பெருக்க வேண்டும். கூரை ஏறுபவர் மாதம் 25,000 ரூபாய் வாங்கினாலும் கணக்குக்கு 15,000 வரைதான் எடுத்துக்கொள்ளப்படும். இந்த வரம்பு 2020 ஜனவரி 3 முதல் நடப்பில் உள்ளது, அதற்கு முன்பு 8,000 ஆக இருந்தது. முப்பத்தைந்து வயதுக்கு உரிய எண் 197.06. ஆகவே 7,500 ரூபாயை அதனால் பெருக்கினால் 14,77,950 ரூபாய். இருபத்தைந்து வயது இளைஞராயின் எண் 216.91, தொகை 16,26,825. அவரே உயிர் பிழைத்து முழு ஊனமடைந்தால் 9,000 ரூபாயைப் பெருக்கி 19,52,190 வரும். ஆள் இறந்தால்தான் பெருந்தொகை என்ற எண்ணம் தவறு.

தொகை கொடுக்க வேண்டிய நாளிலிருந்து ஒரு மாதம் கடந்தால் ஆண்டுக்கு 12 சதவீத வட்டி சேரும். முதல் எடுத்துக்காட்டுக்கு இரண்டு ஆண்டு வட்டியே 3,54,708 ரூபாய். தாமதத்துக்கு நியாயமான காரணம் இல்லையென்று ஆணையர் கருதினால் அசலில் பாதி வரை அபராதமும் விதிக்கலாம். அந்த அபராதம் முதலாளியின் சொந்தத் தவறுக்கானது. அதைக் காப்பீட்டு நிறுவனத்தின் மேல் சுமத்த முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1997இல் தீர்ப்பளித்திருக்கிறது. வட்டியைப் பாலிசி ஏற்குமா என்பது அதன் வாசகத்தைப் பொறுத்தது. பாலிசி வாங்கும்போதே அந்த வரியைத் தேடிப் படியுங்கள்.

இன்னொன்று. ஆள் குடித்திருந்தார், பெல்ட்டைக் கழற்றிவிட்டார் என்பவையெல்லாம் சிறு காயங்களில் எதிர்வாதமாக நிற்கலாம். மரணத்திலும் நிரந்தர முழு ஊனத்திலும் அவை நிற்காது.

பெருந்துறை_சீட்வேலை | 11 ஜூன் 2024

பள்ளிபாளையம் அண்ணா, இதை வெளிப்படையாக எழுதியதற்கு நன்றி. நானும் ஏறுபலகை இல்லாமல் ஒழுகல் வேலைக்கு ஆள் அனுப்பியிருக்கிறேன். அடுத்த நாளே நான்கு பலகை வாங்கி வண்டியில் போட்டுவிட்டேன்.

வழக்கறிஞர் ஐயாவிடம் ஒரு கேள்வி. மேஸ்திரியின் ஆட்களுக்குக் கூலி கொடுப்பவர் அவர்தான், நான் அவருக்குச் சதுர அடிக் கணக்கில் மொத்தமாகக் கொடுக்கிறேன். அவர்களுக்கும் நான்தான் பொறுப்பா?

கோவை_தொழிலாளர்சட்டம் | 11 ஜூன் 2024

ஆம். 12ஆம் பிரிவின்படி, உங்கள் தொழிலின் ஒரு பகுதியை இன்னொருவரிடம் ஒப்படைத்துச் செய்வித்தால், அவருடைய ஆள் உங்களிடமே இழப்பீடு கேட்கலாம். கொடுத்துவிட்டு மேஸ்திரியிடம் நீங்கள் திரும்பக் கேட்கச் சட்டம் இடம் தருகிறது, ஆனால் அவரிடம் வாங்க என்ன இருக்கும் என்பது உங்களுக்கே தெரியும். கூரை வேலை ஆலையின் தொழிலைச் சார்ந்ததுதான் என்று ஆணையர் கொண்டால் இதே பிரிவு ஆலை உரிமையாளர் வரை நீளும். அவர் உங்களிடம் பாலிசி கேட்பதில் தவறே இல்லை.

மில்_கணக்கு | 12 ஜூன் 2024

ஆலைத் தரப்பிலிருந்து ஒரு செய்தி. நான் ஒரு நூற்பாலையில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். இங்கே யாரும் இ.எஸ்.ஐ. எனப்படும் தொழிலாளர் அரசுக் காப்பீடு பற்றிப் பேசவில்லை, அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

2024 நிலவரப்படி, பத்துப் பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் நிறுவனத்துக்கு இ.எஸ்.ஐ. கட்டாயம். கட்டுமான இடங்களில் வேலை செய்பவர்களுக்கும் 2015 ஆகஸ்ட் முதல் அது பொருந்தும். மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குபவர் வரம்புக்குள் வருவார். முதலாளி பங்கு 3.25 சதவீதம், தொழிலாளி பங்கு 0.75 சதவீதம். உங்கள் ஏழு பேரும் மேஸ்திரியின் எட்டுப் பேரும் சேர்ந்தால் பதினைந்து. இரண்டையும் பிரித்துக் காட்டித் தப்பிக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். எங்கள் ஆலைக்கு ஆய்வுக்கு வரும் அலுவலர் முதலில் திறப்பது கட்டடப் பராமரிப்புப் பேரேட்டைத்தான். ஒப்பந்ததாரர் கட்டியதற்குச் சான்று இல்லையென்றால், அவருடைய கூலித் தொகைக்கு எங்களையே கட்டச் சொல்வார்.

இ.எஸ்.ஐ.க்குள் வந்த தொழிலாளிக்கு வேலை விபத்தில் ஊனமோ மரணமோ நேர்ந்தால் இ.எஸ்.ஐ. நிறுவனமே ஊனப்படியும், குடும்பத்துக்கு மாதாமாதம் சார்ந்தோர் உதவியும் தரும். அந்த விபத்துக்கு முதலாளியிடம் தனியாக இழப்பீடு கேட்க முடியாது என்று இ.எஸ்.ஐ. சட்டத்தின் 53ஆம் பிரிவு சொல்கிறது. ஆகவே 21,000க்கு மேல் வாங்கும் மூத்த ஆட்களுக்கும், இ.எஸ்.ஐ.க்குள் வராத மற்றவர்களுக்கும்தான் டபிள்யூ.சி. பாலிசி வேண்டும். கூரைத் தொழிலில் நல்ல ஆட்களின் கூலி அந்த வரம்பைத் தாண்டிவிடுகிறது என்பதால் பெரும்பாலும் இரண்டுமே தேவைப்படும்.

திருப்பூர்_காப்பீடு | 13 ஜூன் 2024

மில் கணக்கர் சொன்னது மிகச் சரி; நான் தொடக்கத்திலேயே சொல்லியிருக்க வேண்டும்.

இனி மூன்றாம் நபர் பொறுப்புக்கு வருவோம். ஆலைத் தரப்பில் கேட்பது சி.ஜி.எல். எனப்படும் வணிகப் பொதுப் பொறுப்புக் காப்பீடு. சீட் நழுவிக் கீழே நடந்து போகிறவர் மேல் விழுந்தாலும், கிரேன் கொக்கி தவறி ஆலையின் இயந்திரம் உடைந்தாலும், அதற்காக நீங்கள் சட்டப்படி கொடுக்க வேண்டிய தொகையையும் வழக்குச் செலவையும் அது ஏற்கும். உங்கள் சொந்த ஆட்களின் காயம் இதில் வராது.

நம் பகுதிக்கென்று உள்ள ஆபத்து காற்று. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம், தாராபுரம் வரை வீசும் வேகத்தை இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. காற்றாலைகள் அங்கே நிற்பதும் அதனால்தான். நீங்கள் பங்குனியில் முடித்துக் கொடுத்த கூரையின் ஓரச் சீட் ஆடியில் பிய்த்துக்கொண்டு போய்ப் பக்கத்துத் தோட்டத்து வீட்டில் விழுந்தால் என்ன ஆகும்? வேலை முடிந்து ஒப்படைத்த பிறகு வரும் பொறுப்பும் பாலிசியில் சேர்ந்திருந்தால் அந்த வீட்டுக்கு ஏற்பட்ட சேதத்துக்குப் பணம் வரும். பிய்ந்த சீட்டை மறுபடி பொருத்தும் செலவு வராது. சொந்த வேலையின் குறையைச் சரிசெய்யும் செலவை எந்தப் பொறுப்புப் பாலிசியும் ஏற்பதில்லை. ஸ்க்ரூவை நெருக்கமாகப் போடுவதற்கும் வாஷரைச் சரியாக வைப்பதற்கும் மாற்றாக ஒரு காப்பீடு கிடையாது.

ஆலை உரிமையாளரின் தீ மற்றும் புயல் பாலிசி இருக்கிறதே, நமக்கென்ன என்று இருந்துவிடாதீர்கள். அவருடைய காப்பீட்டு நிறுவனம் அவருக்குப் பணத்தைக் கொடுத்துவிட்டு, சேதத்துக்குக் காரணமானவர் என்று உங்களிடம் வசூலிக்க வரலாம். அந்த உரிமை அதற்கு உண்டு.

கேட்டுத் தெளிய வேண்டிய இன்னொரு செய்தி, பாலிசி எந்த நாளைக் கணக்கில் கொள்கிறது என்பது. சில பாலிசிகளில் விபத்து நடந்த நாளில் காப்பீடு நடப்பில் இருந்தால் போதும். சிலவற்றில் கோரிக்கை வந்து சேரும் நாளிலும் இருக்க வேண்டும். கூரைக் குறை இரண்டு மூன்று ஆண்டு கழித்தும் வெளிப்படும் என்பதால் முதல் வகை உங்களுக்கு நல்லது. இரண்டாவது வகை வாங்கினால் ஓர் ஆண்டுகூட விடாமல் புதுப்பிக்க வேண்டும்.

ட்ரஸ் சேர்த்துப் புதிதாக நிறுத்தும் பெரிய வேலைகளுக்கு அந்த ஒரு வேலைக்கு மட்டும் இரேக்ஷன் ஆல் ரிஸ்க் பாலிசி எடுக்கலாம். நிறுத்திக்கொண்டிருக்கும்போதே சரிந்த இரும்புக்கும் சீட்டுக்கும் அதில்தான் வழி உண்டு. சீட்டின் மேல் ஆட்களை உட்கார வைத்துச் சரக்கு வண்டியில் அனுப்பும் வழக்கத்தையும் விட்டுவிடுங்கள். அந்த வண்டியின் மோட்டார் பாலிசி அவர்களைக் காக்கும் என்று நம்ப முடியாது.

பல்லடம்_நூல்குடோன் | 13 ஜூன் 2024

நான் வேலை கொடுக்கும் பக்கத்தில் இருப்பவன். என் குடோனில் கூரை வேலையின் போது வெல்டிங் பொறி பஞ்சுக் கழிவில் விழுந்து புகைந்தது. பக்கத்தில் இருந்த பெண் தொழிலாளி ஒருவர் பார்த்துத் தண்ணீர் ஊற்றியதால் நூல் மூட்டைகள் தப்பின. அன்று முதல், பற்றவைப்பு வேலைக்கு விலக்கு இருக்கிறதா என்று ஒப்பந்ததாரரின் பாலிசியில் பார்க்காமல் நான் யாரையும் ஏற விடுவதில்லை. வெல்டிங், கட்டிங் எல்லாம் விலக்கப்பட்ட பாலிசியைக் கொண்டு வந்தவர்கள் இருவர். அவர்களுக்கே அது தெரிந்திருக்கவில்லை.

பவானி_வாசகி | 15 ஜூன் 2024

என் அப்பா இருபத்திரண்டு ஆண்டுகள் கூரை மேஸ்திரியாக இருந்தார். கோழிப்பண்ணைக் கூரையிலிருந்து விழுந்து இடுப்பு எலும்பு உடைந்தது. அவரை அழைத்துச் சென்ற ஒப்பந்ததாரரிடம் எந்தப் பாலிசியும் இல்லை. அவர் நல்லவர், இரண்டு மாதம் வரை வீட்டுக்கு அரிசி வாங்கிக் கொடுத்தார். பிறகு அவருக்கே வேலை இல்லாமல் போயிற்று.

முதலாளி எடுக்கும் காப்பீட்டைப் பற்றி இங்கே நிறையப் பேசினீர்கள். அதனுடன், உங்கள் ஆட்கள் ஒவ்வொருவரையும் கட்டுமானத் தொழிலாளர்கள் நல வாரியத்தில் பதிவு செய்ய வைப்பதையும் ஒரு வேலையாகக் கொள்ளுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். 2024 நிலவரப்படி, பணியிட விபத்தில் இறந்தால் வாரியம் ஐந்து லட்சம் ரூபாய் தருகிறது. வங்கிக் கணக்கு வைத்திருக்கும் 18 முதல் 70 வயது வரை உள்ளவர்கள் ஆண்டுக்கு 20 ரூபாயில் பிரதமர் விபத்துக் காப்பீட்டில் சேரலாம்; மரணத்துக்கு இரண்டு லட்சம் கிடைக்கும். அப்பாவின் பதிவு புதுப்பிக்கப்படாமல் கிடந்தது என்பது விபத்துக்குப் பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது.

கோவை_தொழிலாளர்சட்டம் | 15 ஜூன் 2024

தங்கை சொன்னதை எல்லா ஒப்பந்ததாரர்களும் செய்ய வேண்டும். ஆனால் வாரியத் தொகையும் விபத்துக் காப்பீட்டுத் தொகையும் தொழிலாளிக்குத் தனியாகச் சேர வேண்டியவை. அவற்றைக் காட்டி முதலாளி தம் இழப்பீட்டைக் குறைத்துக்கொள்ள முடியாது. உங்கள் அப்பாவுக்கு விபத்து நடந்து இன்னும் இரண்டு ஆண்டு கடக்கவில்லை என்றால், தயங்காமல் இழப்பீட்டு ஆணையரிடம் மனுச் செய்யுங்கள். காலம் கடந்திருந்தாலும் போதிய காரணம் இருந்தால் ஆணையர் ஏற்க இடமுண்டு. தற்காலிகமாக வேலை செய்ய முடியாமல் இருந்த மாதங்களுக்கும் சட்டம் பாதிச் சம்பளம் தருகிறது.

1991ஆம் ஆண்டின் பொதுப் பொறுப்புக் காப்பீட்டுச் சட்டத்தின் கீழ் ஒரு பாலிசி உண்டு. அது அபாயகரமான இரசாயனப் பொருள்களைக் கையாளும் ஆலைகளுக்கானது. பெயர் ஒத்திருப்பதால் கூரை ஒப்பந்ததாரர் சிலர் அதை வாங்கி வைத்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். ஆலைத் தரப்பு கேட்பது அதுவல்ல.

பெருந்துறை_சீட்வேலை | 2 ஜூலை 2024

அனைவருக்கும் நன்றி. இதுவரை செய்ததை எழுதுகிறேன். இ.எஸ்.ஐ. பதிவு முடிந்து, 21,000க்குக் கீழ் வாங்கும் பதினோரு பேரைச் சேர்த்திருக்கிறேன். மீதி நால்வருக்கு டபிள்யூ.சி. பாலிசி, மருத்துவச் செலவுடன் எடுத்தேன். பட்டறை என்று எழுதச் சொன்னவரை விட்டுவிட்டு வேறொருவர் வழியாக வாங்கினேன். பிரீமியம் கூடத்தான். சதுர அடி விலையில் அதைச் சேர்த்து ஆலைத் தரப்பிடம் சொன்னேன், மறுக்காமல் ஒத்துக்கொண்டார்கள்.

பாலிசி கைக்கு வந்ததும் திருப்பூர் ஐயா சொன்னபடி ஒவ்வொரு வரியாகப் படித்தேன். பொறுப்புக் காப்பீட்டில், பத்து மீட்டருக்கு மேல் நடக்கும் வேலைக்கு விலக்கு என்று ஒரு வரி இருந்தது. இந்த ஆலையின் முகடு பன்னிரண்டு மீட்டர். திருத்தம் கேட்டு எழுதி, கூடுதல் பிரீமியமும் கட்டிவிட்டேன். திங்கட்கிழமை ஏறுவதாக இருந்தோம். திருத்தத்தாள் இன்னும் வரவில்லை என்பதால், கீழே ட்ரஸ் பெயின்ட் வேலையை மட்டும் தொடங்கச் சொல்லியிருக்கிறேன்.

திருப்பூர்_காப்பீடு | 2 ஜூலை 2024

சரியாகச் செய்தீர்கள் தம்பி. தாள் வந்ததும், அது நடப்புக்கு வரும் தேதியையும் நேரத்தையும் பார்த்த பிறகு ஆட்களை ஏற்றுங்கள்.